திருவாதிரையும் தெர்மாகோல் பெட்டியும்

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர்களுள் உலகம் நன்கறிந்தவர் உடையவர் இராமானுசர். 1017ஆம் ஆண்டு, சித்திரைத் திங்கள், திருவாதிரை நாள் என்று வைணவ மரபு அவரது பிறப்பைக் குறித்து வைத்திருக்கிறது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ஆண்டுதோறும் அந்த நாளையொட்டியே உடையவர் விழா நடைபெறுகிறது. திருவாதிரை என்று நம் முன்னோர் பெயரிட்ட விண்மீனையே மேலை வானியலார் பெட்டல்ஜூஸ் என்கிறார்கள். ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் தோளில் செந்நிறமாக ஒளிர்வது அது. அவனது இடைக்கச்சையாக அமைந்த மூன்று விண்மீன்களுக்குச் சற்றுக் கீழே புகைபடிந்தாற்போல் ஒரு மங்கல் தெரியும். அதுவே ஓரியன் ஒண்முகில். புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் அந்த வாயுத்திரளை, இருண்ட வானம் வாய்த்தால், வெறுங்கண்ணாலேயே காணலாம்.

ஆயிரம் ஆண்டுகளாக ஒரு விண்மீனோடு பெயர் பிணைந்த ஊரில் இன்று அந்த ஒண்முகிலைக் காண்பது எளிதன்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2000இல் செயிண்ட் கோபைன் கண்ணாடி ஆலை இயங்கத் தொடங்கியது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் கதவடைத்துப் போனது. 2007இல் சாம்சங் வந்தது. தொலைக்காட்சிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் அங்கே உருவாகின்றன. ஒரகடம் பக்கம் 2010இல் ரெனோ-நிஸான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன்கள் பூட்டப்படுகின்றன. ஏரிகளும் நெல்வயல்களும் இருந்த நிலம் இப்போது மூன்று ஷிப்டுகளிலும் விழித்திருக்கிறது.

கண்ணாடி, ஒளியைப் பதிவு செய்யும் மின்கண் பொருத்திய கருவி, குளிர்பெட்டி ஆகிய மூன்றும் இந்த ஒரே வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் வெளிவருகின்றன என்பதை ஒருநாள் பேச்சுவாக்கில் கவனித்தோம். வானத்தைப் படமெடுக்க விரும்பும் ஒருவருக்குத் தேவையானவையும் இவை மூன்றே. ஆனால் இங்கே வார்க்கப்படும் கண்ணாடி ஜன்னலுக்கானது. மின்கண் வேறு நாட்டில் செய்யப்பட்டு இங்கே பொருத்தப்படுவது. குளிர்பெட்டியோ காய்கறிக்கானது. ஆகவே வான்படக் கருவியைக் குளிர்விக்கும் பெட்டி ஒன்றை நாங்களே செய்துபார்க்க வேண்டியதாயிற்று. அந்த முயற்சியைப் பற்றிச் சிறிதும், அதற்குப் பின்னால் உள்ள வரலாற்றைப் பற்றிச் சற்று விரிவாகவும் இங்கே எழுதுகிறோம்.

*

ஒளிப்படக் கருவியை ஏன் குளிர்விக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழும். இன்றைய கருவிகளில் ஒளியைப் பதிவு செய்வது சிலிக்கன் சில்லு. ஒளித்துகள் ஒன்று சிலிக்கனில் விழும்போது ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கிறது. அப்படி விடுபட்டவை சிறுசிறு கட்டங்களில் சேர்கின்றன. எந்தக் கட்டத்தில் எத்தனை சேர்ந்தன என்று எண்ணுவதன் வழியே படம் உருவாகிறது. சிக்கல் என்னவென்றால், சிலிக்கனின் சொந்த வெப்பமும் அவ்வப்போது எலெக்ட்ரான்களை விடுவிக்கும். ஒளி விடுவித்தது எது, வெப்பம் விடுவித்தது எது என்று எண்ணுகிற கருவிக்குத் தெரியாது. லென்ஸை முழுவதும் மூடிவைத்து ஐந்து நிமிடம் படமெடுத்தாலும் படத்தில் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். அறியாதவர் பார்த்தால் விண்மீன் கூட்டம் என்றே நினைப்பார்.

பகலில் தெருவைப் படமெடுக்கும்போது இது ஒரு பொருட்டே அல்ல. நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் வெப்பம் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒண்முகிலின் விளிம்பிலிருந்து வரும் ஒளிக்கோ நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரம் முழுவதும் வெப்பமும் தன் கணக்கை ஏற்றிக்கொண்டேயிருக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 6 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் இந்த இருட்டு மின்னோட்டம் இரு மடங்காகிறது. மறுதலையாக, 30 பாகை குறைக்க முடிந்தால் அது 32இல் ஒரு பங்காகச் சுருங்கும். வானியலார் தம் கருவிகளைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 100 பாகைக்கும் கீழே கொண்டுபோவது இதனால்தான்.

சென்னையைச் சுற்றியுள்ள நிலத்தில் குளிர்மாதங்கள் தவிர்த்த பெரும்பாலான இரவுகளில் காற்றே 25 பாகைக்கு மேல் இருக்கும். கருவி தானே ஈனும் சூடும் சேர்ந்தால் சில்லு 35 பாகையைத் தொட்டுவிடும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் கொல்லைப்புறத்தில் நின்று படமெடுப்பவருக்கு இயற்கை இலவசமாகத் தருவதை நாம் உழைத்துப் பெறவேண்டியிருக்கிறது.

*

வெப்ப நாட்டில் குளிர் எப்போதுமே விலைகொடுத்து வாங்கும் பொருளாகத்தான் இருந்திருக்கிறது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அறியப்படும் கட்டடத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றவர் பிரெடரிக் டியூடர். 1833இல் அவரது முதல் சரக்கு கல்கத்தாவுக்குப் போனது. ஏற்றியது 180 டன், நான்கு மாதப் பயணத்தின் முடிவில் இறக்கியது 100 டன் அளவு. 1840களில் சென்னையிலும் அவரது பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. அந்த வணிகத்தில் பனிக்கட்டியை உருகாமல் காத்தவை மரத்தூளும் தடித்த சுவர்களுமே. வெப்பத்தை உள்ளே விடாமல் தடுத்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது என்பதே அதன் பாடம். எங்கள் தெர்மாகோல் பெட்டிக்கும் அதுவே முதல் விதி.

அதே காலத்துச் சென்னைக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். அது கம்பெனியின் உடைமையாகி 1792இல் நுங்கம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் இலத்தீன், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் எழுத்துப் பொறித்தார்கள். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் அத்தூணை இன்றும் காணலாம். டி. ஜி. டெய்லர் 1844இல் வெளியிட்ட விண்மீன் அட்டவணையில் 11,015 விண்மீன்களின் இடங்கள் பதிவாயின. 1861இல் பொறுப்பேற்ற நார்மன் போக்சன் அதே ஆண்டில் சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்று உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோலை வகுத்தவரும் இந்தப் போக்சனே. ஐந்து படிகள் இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்கு என்பது அதன் கணக்கு.

அந்த ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர். 1874இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்ல இருந்தபோது, பொதுமக்கள் அஞ்சாமல் அறிந்துகொள்ளும்படி நூல் எழுதி இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். தொலைநோக்கியில் கண்டதைக் கையால் எழுதி, கையால் கணக்கிட்ட தலைமுறை அது. அவர்களுடைய கண்ணுக்கு ஒரு குறை உண்டு. மனிதக் கண் ஒளியைச் சேர்த்துவைக்காது. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் முதல் நொடியில் தெரியாதது பெரும்பாலும் தெரியாமலேயே போகும்.

அந்தக் குறையை ஒளிப்படத் தகடு தீர்த்தது. 1880 செப்டம்பரில் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் ஓரியன் ஒண்முகிலை முதன்முதலாகப் படமெடுத்தார். எடுத்துக்கொண்ட நேரம் 51 நிமிடம். 1883இல் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்னும் ஆங்கிலேயர் அதே ஒண்முகிலை நெடுநேரம் படமெடுத்தபோது, கண்ணுக்கு ஒருபோதும் தெரியாத விண்மீன்கள் தகட்டில் தெரிந்தன. காமன் தொழில்முறை வானியலார் அல்லர், சுகாதாரப் பொறியாளர். லண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கியை நிறுவியவர். வான்படக் கலையின் முதல் பெரும் வெற்றிகளுள் ஒன்று ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடைத்தது என்பதை, மொட்டைமாடியில் நின்று முயல்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

*

ஒளிப்படத் தகட்டுக்கும் பின்னர் வந்த பிலிமுக்கும் வேறொரு நோய் இருந்தது. மங்கலான ஒளியில் நேரம் நீள நீள அவற்றின் உணர்திறன் குறைந்துகொண்டே போகும். இருமடங்கு நேரம் காத்திருந்தால் இருமடங்கு பதிவு கிடைப்பதில்லை. பிலிமைக் குளிர்வித்தால் இந்தச் சோர்வு குறைகிறது என்பதை 1960களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹோக் என்ற வானியலார் சோதித்துக் காட்டினார். விரைவிலேயே ஆர்வலர்கள் தம் பட்டறைகளில் குளிர்க்கருவிகளைச் செய்யத் தொடங்கினார்கள். மைனஸ் 78 பாகையில் இருக்கும் உலர்பனிக்கட்டியைப் பிலிமின் முதுகுப்புறம் வைப்பார்கள். முன்புறம் பனி படியாமலிருக்கக் காற்றை வெளியேற்றுவார்கள், அல்லது தடித்த கண்ணாடிக் கட்டி ஒன்றைப் பிலிமோடு ஒட்டி வைப்பார்கள். குளிர்விப்பது எளிது, குளிர்ந்த பரப்பில் ஈரம் படியாமல் காப்பதே கடினம் என்ற உண்மையை அந்தத் தலைமுறை நன்றாகவே அறிந்திருந்தது.

எங்கள் பெட்டியில் உள்ள கருவியின் வரலாறு அதைவிடப் பழையது. கடிகாரத் தொழிலைக் கைவிட்டு இயற்பியலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ழான் பெல்டியே, 1834இல் இருவேறு உலோகங்கள் சேருமிடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு சந்தி சூடாவதையும் மறு சந்தி குளிர்வதையும் கண்டார். 1838இல் ரஷ்யாவில் லென்ஸ் என்ற அறிஞர் அப்படியொரு சந்தியில் ஒரு துளி நீரை வைத்து உறையச் செய்தார். மின்சாரத்தின் திசையை மாற்றியதும் அது உருகியது. அதன்பிறகு நூறாண்டுகளுக்கும் மேலாக அது ஆய்வுக்கூட வியப்பாகவே தங்கிவிட்டது. உலோகங்களால் கிடைத்த குளிர் மிகச் சொற்பம். 1950களில் பிஸ்மத் டெல்லுரைடு போன்ற குறைகடத்திகள் வந்த பின்னரே பயனுள்ள குளிர் கிடைத்தது. இன்று நாற்பது மில்லிமீட்டர் சதுரத்தில், இரண்டு வெள்ளைப் பீங்கான் தகடுகளுக்கிடையே 127 இணைகளை அடுக்கிய பெல்டியே தகடு, சென்னை ரிச்சி தெருவில் ஓர் உணவு வேளைக்கான செலவில் கிடைக்கிறது.

1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி சில்லை வகுத்தார்கள். 2009இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். சில ஆண்டுகளிலேயே அது தொலைநோக்கிகளில் ஏறியது. ஒளிப்படத் தகடு தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஓரிரு பங்கைப் பதிவு செய்தால், சிசிடி பாதிக்கும் மேல் பதிவு செய்தது. விலைதான் எட்டாத உயரத்தில் இருந்தது. 1994இல் ரிச்சர்ட் பெர்ரி, வைக்கோ கான்டோ, ஜான் மங்கர் என்ற மூவர் சமையல் நூல் என்ற பெயர் வைத்து ஒரு கையேட்டை வெளியிட்டார்கள். சிசிடி கருவியை வீட்டில் செய்வது எப்படி என்பதே அதன் பொருள். அவர்கள் பயன்படுத்திய சில்லுகளுள் ஒன்றில் இருந்தவை வெறும் 192க்கு 165 கட்டங்கள். அதைப் பெல்டியே தகடு குளிர்வித்தது. தகட்டின் சூட்டைச் சிறு பம்பு ஒன்று நீரை ஓட்டி வெளியேற்றியது. பல நாடுகளில் ஆர்வலர்கள் அந்நூலைப் பார்த்துக் கருவி செய்தார்கள். வான்படக் கருவியின் குளிர்விப்பு ஆய்வகச் சுவர்களைத் தாண்டி வீட்டு மேசைக்கு வந்தது அப்போதுதான் எனலாம்.

*

தமிழ்நாட்டில் இந்தக் கையால் செய்துபார்க்கும் மரபின் பெரிய சான்று காவலூர். அதை உருவாக்கிய வைணு பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தவர். 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் புதியதொரு வால்மீனைக் கண்டார். அது பாப்பு-பாக்-நியூகிர்க் என்று மூவர் பெயரால் வழங்குகிறது. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். கதிரவனை ஆராய்வதற்கே 1899 முதல் இயங்கிவந்த அந்த ஆய்வகத்துக்கு, இரவு வானத்துக்கென வேறோர் இடம் தேவை என்று கருதினார். தேடலின் முடிவில் தேர்ந்தது ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு.

அங்கே 1968இல் இயங்கத் தொடங்கிய முதல் தொலைநோக்கி 38 செ.மீ. விட்டமுடையது. வெளிநாட்டிலிருந்து வாங்கியதன்று, கொடைக்கானல் ஆய்வகத்தின் பின்கட்டில் செய்யப்பட்டது. அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடான காலம். இருந்த பட்டறையில், இருந்த ஆட்களைக் கொண்டு செய்தார்கள். 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் 102 செ.மீ. தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த ஆண்டிலேயே, வியாழனின் நிலவான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அதில் கவனித்து, அந்நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கக்கூடும் என்ற குறிப்பைப் பெற்றார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. மறைப்பதற்கு முன்பாகவே அதன் ஒளி சில நொடிகள் குன்றி மீண்டதைக் காவலூரில் பதிவு செய்தார்கள். அமெரிக்க விமான ஆய்வகமும் அதே இரவில் இத்தகைய குறைவுகளைப் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அவ்வாறு தெரியவந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. ஒளியில் ஏற்படும் சிறு குறைவை நம்பவேண்டுமானால், கருவியின் சொந்த ஏற்றத்தாழ்வு அதைவிடச் சிறிதாக இருக்கவேண்டும். கருவி சலசலக்கும் இடத்தில் வளையம் ஒன்று வந்துபோனாலும் யாருக்கும் தெரியாது. கண்டுபிடிப்புக்கு வழிவிடுவது பெரும்பாலும் இத்தகைய அடக்கமான வேலைதான். யாரோ ஒருவர் மின்கம்பியைச் சரியாகப் பற்றவைத்திருப்பார், யாரோ ஒருவர் ஈரம் புகாமல் மூடியிருப்பார். அவர்கள் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் அரிதாகவே வரும்.

பாப்புவின் பெருங்கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. உள்நாட்டிலேயே அதை வடிவமைத்து, ஆடியையும் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினார்கள். அது முடிவதைக் காண அவர் இருக்கவில்லை. 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். ஐந்தாண்டுகள் கழித்து, 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய நினைவிடம் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. அதே சாலையில் மேற்கே தொடர்ந்து போய், ஆம்பூரைக் கடந்து, வாணியம்பாடியில் தெற்கே திரும்பினால் ஆலங்காயம் வழியாகக் காவலூர் வரும். ஒரு பிரதமரின் வாழ்வில் இரண்டு வெவ்வேறு நாட்கள் ஒரே சாலையில் அமைந்துவிட்டன. இதில் பொருள் தேட நாம் முயலவில்லை. ஆனால் ஒரு நாளை நாடறியும், மற்றதை மிகச் சிலரே அறிவார்கள்.

1988இல் காவலூரின் சிறு தொலைநோக்கி ஒன்றில், ஆர். ராஜமோகன் குழுவினர் சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார்கள். போக்சன் 1885இல் கண்ட கடைசிச் சிறுகோளுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. கணிதமேதையின் நினைவாக அதற்கு ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். உடையவரின் பெயரும் அதுவே என்பது எங்களுக்குத் தற்செயலான மகிழ்ச்சி.

*

இனி எங்கள் பெட்டிக்கு வருவோம். பழைய டிஎஸ்எல்ஆர் கருவி ஒன்று. அதை முழுதாக உள்ளே வைக்குமளவு தெர்மாகோல் பெட்டி. உட்புறம் மெல்லிய அலுமினியத் தகடு. ஒரு பெல்டியே தகடு. அதன் சூடான பக்கத்தில் கைவிடப்பட்ட கணினியிலிருந்து கழற்றிய வெப்பக்கடத்தியும் விசிறியும். மின்சாரத்துக்குக் கார் பேட்டரி. பெல்டியே தகட்டின் வேலையைக் குளிர்விப்பது என்பதைவிட, வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுவது என்று சொல்வதே பொருத்தம். தள்ளும்போது தான் உண்ட மின்சாரத்தையும் வெப்பமாக்கி அதனோடு சேர்க்கும். சூடான பக்கத்தை விசிறி உடனுக்குடன் ஆற்றாவிட்டால் வெப்பம் திரும்பி உள்ளே வந்துவிடும். முதல் முயற்சியில் விசிறியின் திருகுகள் சரியாக இறுகாததால், அரைமணி நேரத்தில் பெட்டி குளிர்வதற்குப் பதிலாகச் சூடானது. வெப்பப் பசையை மெலிதாகத் தடவி, திருகுகளைச் சீராக இறுக்கிய பின்னரே நிலைமை திருந்தியது.

இரண்டாம் முயற்சியில் வெப்பநிலை இறங்கியது, படம் கெட்டது. ஒண்முகில் இருக்கவேண்டிய இடத்தில் பால்போன்ற வெண்மை பரவியிருந்தது. பெட்டியைத் திறந்தால் கண்ணாடி ஜன்னலில் நீர்த்துளிகள். அயல்நாட்டுக் கையேடுகளில் ஓரிரு வரிகளில் முடிந்துபோகும் இச்சிக்கல் நம் ஊரில் தலையாயது. 28 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னை இரவில் காற்று 24 பாகையை எட்டினாலே பனித்துளி விழத் தொடங்கும். நான்கு பாகை குளிர்வித்த உடனேயே ஈரத்தோடு போராட்டம் தொடங்கிவிடுகிறது. பெட்டியின் விளிம்புகளை ரப்பர் பட்டையால் அடைத்தோம். உள்ளே சிலிக்கா ஜெல் பைகளை முந்தின இரவே வைத்து ஈரத்தை உறிஞ்சவிட்டோம். கண்ணாடி ஜன்னலின் விளிம்பில் சிறு மின்தடைகளை வளையமாக ஒட்டி, மிக மெல்லிய சூடு காட்டினோம். ஒரு பக்கம் குளிர்வித்துக்கொண்டே மறுபக்கம் சூடாக்குவது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் படம் தெளிந்தது.

முடிவில், வெளியே 26 பாகை இருக்கையில் உள்ளே 11 பாகை கிடைத்தது. இதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. 15 பாகை இறக்கம் என்பது பெரிய சாதனையன்று. ஆனால் மேற்சொன்ன கணக்கின்படி இருட்டு மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். வெப்பநிலை ஒரே அளவில் நிற்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. லென்ஸை மூடி அதே வெப்பநிலையில், அதே நேரத்துக்கு எடுத்த இருட்டுப் படங்களைச் சராசரியாக்கி, உண்மைப் படத்திலிருந்து கழித்துவிடலாம். பொய் விண்மீன்களில் பெரும்பாலானவை நீங்கிவிடும்.

இவ்வளவும் செய்து ஒரகடம் பக்கத்து மொட்டைமாடியில் எடுத்த படத்துக்கும், குளிர்விக்காமல் எடுத்த படத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதுவே எங்களைத் திகைக்க வைத்தது. யோசித்தபோது காரணம் புரிந்தது. ஆலைகளின் விளக்கொளியும் நெடுஞ்சாலையின் ஒளியும் தூசியில் பட்டுச் சிதறி வானத்தையே ஒளிரவைக்கின்றன. அந்த ஒளியும் சிலிக்கனில் எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது, வெப்பம் விடுவிப்பதைவிடப் பல மடங்காக. கருவியின் இரைச்சலை நாங்கள் அடக்கிவிட்டோம். வானத்தின் இரைச்சலை அடக்க எந்தக் குளிர்பெட்டியாலும் முடியாது. வானவொளியின் சராசரி அளவைக் கணக்கில் கழித்துவிடலாம். அதனோடு வரும் நடுக்கம் படத்தில் தங்கியே தீரும்.

எனவே ஒரு மாசி மாத அமாவாசையை ஒட்டிப் பெட்டியை வண்டியில் ஏற்றி மேற்கே கிளம்பினோம். ஆலங்காயத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில், தெரிந்தவர் ஒருவரின் கொல்லையில் கருவியை நிறுத்தினோம். காவலூரின் வானமும் பாப்பு பார்த்த அளவுக்கு இன்று இருண்டதன்று. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தொடுவானம் வெளுத்திருக்கிறது. ஆயினும் தலைக்கு மேலே திருவாதிரை இருளில் நின்றது. அதன்கீழே ஒண்முகில் கண்ணுக்கே தெரிந்தது. ஐந்து நிமிடப் படங்கள் பன்னிரண்டு எடுத்தோம். குளிர்ந்த கருவிக்கும் குளிராத கருவிக்கும் உள்ள வேறுபாடு இம்முறை முதல் படத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. ஒண்முகிலின் வெளிச்சிறகு, டிரேப்பரின் தகட்டில் பதியாத அந்தச் செம்மங்கல், திரையில் மெல்லத் தெரிந்தபோது யாரும் பேசவில்லை.

*

இக்கட்டுரையைத் தொழிற்சாலைகளின் மேல் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தின் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பெரிவது அவற்றால்தான். அங்கே உழைப்பவர்கள் வெறும் கைகள் அல்லர் என்பதை, 2024 செப்டம்பரில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஆலையின் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது நாடே பார்த்தது. நாம் சொல்ல விரும்புவது வேறு. ஒரு பொருளின் ஆயிரம் உறுப்புகளுள் ஒன்றை நாள் முழுதும் பொருத்துவது ஓர் அறிவு. முழுப்பொருளும் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டு, பிரித்துப் பார்த்து, வேறொன்றாகச் சேர்ப்பது இன்னோர் அறிவு. கொடைக்கானலின் பின்கட்டில் 38 செ.மீ. தொலைநோக்கியைச் செய்தவர்களிடம் இரண்டாவது இருந்தது. அதனால்தான் பின்னர் 2.34 மீட்டரை நினைக்க முடிந்தது. இத்தனை ஆலைகள் உள்ள வட்டாரத்தில் மாலை வேளைகளில் திறந்திருக்கும் பொதுப் பட்டறை ஒன்று, பள்ளி மாணவர் வந்து பெல்டியே தகட்டைத் தொட்டுப்பார்க்க ஒரு மேசை, இவை அமைந்தால் போதும். செலவு பெரிதன்று. விளக்குகளுக்கு மேல்மூடியிட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் திருப்பினால் வானமும் சிறிது மீளும், மின்சாரமும் மிஞ்சும். லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அத்தனை பெரிய ஏற்பாடு நம் சாலையோரத்துக்கு வேண்டாம், மூடியிட்ட விளக்குகள் வந்தாலே மகிழ்வோம்.

விடியுமுன் கிளம்பினோம். எங்களில் ஒருவருக்குக் காலை ஷிப்டு. வேலூரைத் தாண்டும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரை நெருங்குகையில் இரவு ஷிப்டு முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள் எதிரே வந்தன. சன்னலில் தலைசாய்த்துப் பலர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னிருக்கையில் இருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தோம், இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது.